திறவாத கதவுகள்

ஹாலிஎலச் சந்தியில் நின்றால் மூன்று பாதைகள் பிரிவதைக் காணலாம். ஒன்று பதுளைக்குச் செல்கிறது. மற்றொன்று தெமோதரை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறுகிறது. பிறிதொன்று வெலிமடையை நோக்கி வளைகிறது. அச்சந்தியிலுள்ள தேநீர்க் கடையொன்றில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூடி, ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்து வாசிக்கும் வழக்கம் எங்களிற் சிலருக்கு நெடுங்காலமாக உண்டு.

2022 பெப்ரவரி 24ஆம் நாள் உக்ரேன் மீது ருஷ்யப் படைகள் பாய்ந்தது முதல், அப்போரைப் பற்றிய செய்தி இல்லாத வாரம் அரிதாயிற்று. தொடக்கத்தில் அதனை நாங்கள் தேயிலையின் கண் கொண்டே பார்த்தோம். அவ்விரு நாடுகளும் நமது தேயிலையை நெடுநாளாக வாங்கி வந்தவை. ஆகவே விலை விழுமோ, தோட்டங்களில் வேலைநாள் குறையுமோ என்பதே எங்கள் பேச்சாயிருந்தது. 2024ஆம் ஆண்டில் வேறு விதமான செய்தி வந்தது. இந்நாட்டு இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பலர், பெருஞ் சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிக் கடல் கடந்து, அப்போர்க்களத்தில் கூலிப்படையினராய் நின்றனர் என்பதும், அவர்களுட் குறைந்தது 16 பேர் மாண்டனர் என்பதும் அவ்வாண்டு மே மாதத்தில் அரசு தரப்பிலேயே கூறப்பட்டன. பத்திரிகையை வாசித்த நண்பர் "பதினாறு" என்று உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நாங்களும் தேநீரைக் குடித்து முடித்தோம்.

அவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. செய்தியின் இயல்பே அத்தகையது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் எங்கள் மாவட்டத்து மலைச் சரிவுகளைப் பெயர்த்தெடுத்த நாட்களிலும், மாவட்டவாரியாக எண்களே வந்தன. எண் அவசியமானது, அதனை வைத்தே நிவாரணம் கணக்கிடப்படும். ஆயினும் எண்ணுக்குள்ளே ஒரு மனிதனும் நுழைந்து வாழ முடிவதில்லை. அவன் வாழ்வதற்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது. இதனை எனக்கு உணர்த்தியவை இரு பெண்கள் எடுத்த இரு திரைப்படங்கள். அவற்றைப் பற்றியும், அவை என் சொந்த வீட்டின் பழைய விஷயமொன்றைக் கிளறிவிட்டதைப் பற்றியும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கொழும்பிலே தொழில் பார்க்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, தன் மடிக்கணினியில் எனக்கு ஓர் உக்ரேனியப் படத்தைக் காட்டினாள். அதன் பெயரைத் தமிழில் 'பொல்லாத பாதைகள்' என்று சொல்லலாம். எடுத்தவர் நதாலியா வோரோஷ்பித். கியேவ் நகரிலே 1975ஆம் ஆண்டு பிறந்த இவர், முதன்மையாக ஒரு நாடகாசிரியர். போரினால் வீடிழந்தோர் தங்கள் அனுபவங்களைத் தாமே மேடையேறிச் சொல்வதற்கென்று அமைந்த 'இடம்பெயர்ந்தோர் அரங்கம்' என்ற குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவர். இப்படமும் முதலில் நாடகமாயிருந்து, 2017இல் லண்டன் ரோயல் கோர்ட் அரங்கில் ஏறியது. பின்னர் 2020இல் படமாகி, வெனிஸ் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. ஒஸ்கார் பரிசுக்காக உக்ரேன் அனுப்பிய படமாகவும் அமைந்தது. ஆண்டைக் கவனிக்க வேண்டும். உலகம் உக்ரேனைத் திரும்பிப் பார்த்தது 2022இல். தொன்பாஸ் என்னும் கிழக்குப் பிரதேசத்திலோ 2014 முதலே போர் நடந்துகொண்டிருந்தது. அக்காலத்துக் கதைகளே இவை.

படத்தில் நான்கு கதைகள், ஒன்றோடொன்று பின்னாதவை. ஒரு பாடசாலை அதிபர் குடித்துவிட்டுக் காரோட்டி வந்து, இராணுவச் சோதனைச் சாவடியில் தவறுதலாகத் தம் மனைவியின் கடவுச்சீட்டை எடுத்து நீட்டிவிடுகிறார். அங்கே தொடங்குகிறது அவரது சிறுமையும் அச்சமும். அடுத்து, பஸ் தரிப்பிடமொன்றில் படைவீரர்களுக்காகக் காத்திருக்கும் பள்ளி வயதுப் பெண்கள். அவர்களுள் ஒருத்தியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்து மன்றாடும் அவளது பாட்டி. மூன்றாவதில், கைவிடப்பட்ட சுகவாசத் தலமொன்றில் ஒரு போராளியிடம் சிறைப்பட்ட பெண் பத்திரிகையாளர், அவனுக்குள்ளே எங்கேனும் மனிதன் மிஞ்சியிருக்கிறானா என்று தேடுகிறார். அக்கதையைக் கண் மூடாமல் பார்ப்பது கடினம். நான்காவது சின்னஞ்சிறு கதை: கிராமத்துப் பாதையில் ஒரு கோழியைத் தன் காரினால் அடித்துவிட்ட இளம்பெண், நேர்மையாக இறங்கி வந்து உரியவர்களிடம் நட்டஈடு கொடுக்க முனைகிறாள். கோழிக்குரிய முதிய தம்பதியர், இவள் இளகிய மனத்தினள் என்பதைக் கண்டுகொண்டதும், சிறிது சிறிதாக அவளைப் பிழிந்தெடுக்கத் தொடங்குகின்றனர்.

படம் முடிந்ததும் என் மனைவி, "இவ்வளவு இருட்டு எதற்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வியே. நாளெல்லாம் உழைத்தவர்கள் சிறிது ஒளி தேடியே படம் பார்க்க அமர்கிறார்கள். ஆயினும் அந்த இருட்டு எத்தன்மையது என்று யோசித்தேன். குண்டு விழுவதையோ பிணக் குவியலையோ காட்டுவதில் இயக்குநருக்கு அக்கறையில்லை. கோழிக் கதையைப் பாருங்கள். அதில் துப்பாக்கி இல்லை, பகைவன் இல்லை. வேறொரு காலத்தில் அதே தம்பதியர் அவளை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அயலான் அயலானுக்குச் செய்யும் மிகச் சாதாரணமான மரியாதை எவ்வளவு எளிதில் உதிர்ந்துபோகிறது என்பதே அங்குள்ள இருட்டு.

ஒரே கதாநாயகனை வைத்து ஒரே கதையாகச் சொல்லியிருக்கலாகாதா என்றும் கேட்கலாம். கதாநாயகன் வந்தால் அவனுடைய வீரமும் வெற்றி தோல்வியுமே கதையாகிவிடும். கோழியை வளர்த்த கிழவியும் பஸ் தரிப்பிடத்துப் பாட்டியும் அவன் போகும் வழியில் நிற்கும் மரங்களாகி விடுவார்கள். கதையைத் துண்டு துண்டாக நறுக்கும்போது அம்மரங்களுக்குப் பேச்சு வருகிறது. தவிரவும், ஒரு கலவரமோ போரோ யாருக்கும் முழுக்கதையாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டே இருக்கிறது. மற்றத் துண்டு பெரும்பாலும் அடுத்த வீட்டில் இருக்கிறது.

இவ்வாறு எண்ணியபோதுதான், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பார்த்த இன்னொரு படம் நினைவிற்கு வந்தது. அது நமக்கு அண்மையிலே பிறந்தது. நந்திதா தாஸ் என்ற பெயர் தமிழ் இரசிகர்களுக்குப் புதிதன்று. 2002இல் வெளிவந்த 'அழகி'யிலும், நமது ஈழத்துப் போரைப் பின்னணியாகக் கொண்ட 'கன்னத்தில் முத்தமிட்டா'லிலும் நடித்தவர். அதே 2002ஆம் ஆண்டில், கோத்ரா நகரில் புகைவண்டிப் பெட்டி எரிந்து 59 பேர் இறந்ததையடுத்து, குஜராத் மாநிலத்தில் பெருங் கலவரம் மூண்டது. அரசாங்கக் கணக்கின்படியே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அக்கலவரத்தைப் பற்றி நந்திதா தாஸ் தாமே இயக்கிய முதற் படம் 'ஃபிராக்'. 2008இல் உருவாகி, 2009 மார்ச்சில் இந்தியாவில் வெளியாயிற்று. பிரிவு, தேடல் என்ற இரண்டு பொருளையும் தரும் உருதுச் சொல் அது. படத்தொகுப்புச் செய்த ஸ்ரீகர் பிரசாத் தேசிய விருது பெற்றார்.

உக்ரேனியப் படம் போல இது தனித்தனிக் கதைகளின் கோவையன்று. கலவரம் ஓய்ந்து ஒரு மாதத்தின் பின், ஒரே நாளில், ஒரே நகரத்தில் வாழும் பலருடைய கதைகள் இதில் மாறி மாறி வருகின்றன. எரிந்த தன் வீட்டுக்குத் திரும்பி வரும் முனீரா, எரித்தவர்களோடு தன் இந்துத் தோழிக்கும் தொடர்பிருக்குமோ என்று சந்தேகிக்கிறாள். மதம் கடந்து மணந்த தம்பதியர் ஊரை விட்டே போகப் பெட்டி கட்டுகின்றனர். முதிய இசைவாணர் ஒருவர், கவி வலியின் சமாதி இருந்த இடத்தைத் தேடிப் போய், அங்கே தார் போட்ட வீதியைக் காண்கிறார். இச்செய்தி கற்பனையன்று; அகமதாபாத்திலிருந்த அச்சமாதி 2002இல் இடிக்கப்பட்டு, அதன்மேல் உண்மையாகவே வீதி போடப்பட்டது. வீடிழந்த சிறுவன் ஒருவன் தந்தையைத் தேடித் தெருத் தெருவாய் அலைகிறான்.

இவர்கள் நடுவே ஆர்த்தி என்ற குடும்பப் பெண். தீப்தி நாவல் அப்பாத்திரத்தில் நடித்தார். ஆர்த்தி யாரையும் கொல்லவில்லை, எதையும் எரிக்கவில்லை. கலவர நாளில், துரத்தப்பட்டு ஓடி வந்த ஒரு முஸ்லிம் பெண் இவள் வீட்டுக் கதவைத் தட்டினாள், இவள் திறக்கவில்லை. அவ்வளவே. ஆனால் அந்தத் தட்டுதல் இவள் செவியை விட்டு நீங்கவில்லை. கொதிக்கும் எண்ணெய்த் துளிகளைத் தன் கையிலே தானே விட்டுக்கொண்டு, அத்தீப்புண்களை ஒருவரும் காணாதவாறு மறைத்து வாழ்கிறாள். கொள்ளையிற் கலந்துகொண்ட அவள் கணவனோ வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாக உறங்குகிறான்.

இப்படத்தை 2010ஆம் ஆண்டளவில் என் தாயாருடன் இருந்து பார்த்தேன். வசனம் இந்தியில், நான் அவ்வப்போது தமிழிற் சொல்லிவந்தேன். ஆர்த்தியின் காட்சி வந்தபோது சொல்ல வேண்டிய தேவை நேரவில்லை. அம்மா சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "பாவம், அவளும் பிள்ளைகுட்டிக்காரிதானே" என்றார். அம்மா படத்திலுள்ள பெண்ணைச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

1983 ஜூலை 27ஆம் நாள் பதுளை நகரம் எரிந்தபோது எனக்குப் பதினொரு வயது. நகரின் ஓரத்தில் குடியிருந்தோம். தந்தையார் வைத்திருந்த சிறு கடை பிற்பகலிலேயே போய்விட்டது. மாலையில் எங்கள் தெருவுக்கும் ஆட்கள் வருகிறார்கள் என்று கேட்டு, அம்மா என்னையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு பின்பக்க வழியாக ஓடினார். முதலிலே தட்டியது, எங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு சிங்களக் குடும்பத்தாரின் கதவு. சித்திரைப் புத்தாண்டுக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் எங்களுக்கு வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகும். அம்மா அந்தப் பெண்மணியின் பெயரைச் சொல்லி அழைத்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே அது அணைந்தது.

அங்கிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு மூதாட்டி தனியே வசித்தார். அவரும் சிங்களவரே. அவரோடு எங்களுக்குப் பேச்சுப் பழக்கம்கூட இல்லை. அவர் கதவைத் திறந்து, எங்கள் மூவரையும் விறகு அடுக்கும் அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டார். இரண்டு இரவுகள் அங்கிருந்தோம். தேடி வந்த இளைஞர்களை அவர் வாசலிலே நின்று வைது அனுப்பியதை உள்ளேயிருந்து கேட்டோம். ஆச்சியம்மா என்று நாங்கள் அழைத்த அவரை எங்கள் குடும்பத்தில் எவரும் மறக்கவில்லை. அவரது கதையை அம்மா எத்தனையோ பேருக்குச் சொன்னார். முதற் கதவின் கதையை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இதனை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்நாட்டிலே நடந்த கொடுமைகளைப் பற்றி நாம் பேசும்போது இரண்டு வகையினரையே குறிப்பிடுகிறோம். ஒருவர் அடித்தவர், மற்றவர் காத்தவர். முன்னவரைச் சபிக்கிறோம்; பின்னவரைப் போற்றுகிறோம். இரண்டும் செய்ய வேண்டியவையே. ஆனால் அடித்தவரும் சிலர், காத்தவரும் சிலர். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்தவர்களே மிகப் பலர். அவர்களைப் பற்றி எவ்வித வழக்கும் இல்லை; விசாரணையும் இல்லை; கதையும் இல்லை.

எங்கள் மாவட்டத்திலேயே நிகழ்ந்த மற்றொன்றை எடுத்துக்கொள்வோம். பண்டாரவளைக்கு அருகிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25ஆம் நாள் காலை, சுற்றுப்புறத்தாரின் கூட்டமொன்று புகுந்து, அங்கிருந்த தமிழ் இளைஞர்களுள் 25க்கு மேற்பட்டோரை அடித்தும் வெட்டியும் எரித்தும் கொன்றது. பொலிசார் பலர் அவ்விடத்தில் நின்றனர். ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது, வழக்கும் நடந்தது. 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு முடியுமுன் அவர்கள் எல்லோரும் மேன்முறையீட்டில் விடுதலையாயினர். சட்டத்தின் கண்ணுக்கு இன்று அக்கொலைகளைச் செய்தவர் எவருமில்லை. ஆனால் அக்காலையில் அக்கூட்டம் தம் வாசலைக் கடந்து போவதைக் கண்ட வீடுகள் இருந்தன. அவ்வீடுகளில் இன்றும் மனிதர் வாழ்கின்றனர். அவர்கள் அறிந்ததும், அஞ்சியதும், சொல்லாது விட்டதும் எங்கே போயின? நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்குக் கலை ஈடாக முடியாது. அவ்வாறு எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். எனினும் நீதிமன்றம் கேட்கவே இயலாத கேள்விகளும் உள. அவை கலையின் பொறுப்பிலே விடப்பட்டவை.

அப்பொறுப்பை நமது திரையுலகம் எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறது? மலையகத் தொழிலாளரை வைத்துப் படமே வரவில்லை என்று சொல்ல முடியாது. வி. பி. கணேசன் 1975இல் தயாரித்த 'புதிய காற்று' தோட்ட மக்களின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. அண்மையில் பிரசன்ன விதானகே இயக்கி, 2023இல் பூசான் விழாவில் விருது பெற்ற 'பாரடைஸ்' என்ற படம், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக் காலத்து மலைநாட்டைக் காட்டுகிறது. சுற்றுலா வந்த இந்தியத் தம்பதியரின் பொருள் களவு போகிறது. யாரையாவது பிடித்தாக வேண்டிய பொலிசார் தோட்டத்துத் தமிழ் இளைஞரைப் பிடிக்கின்றனர். அதன் விளைவாக ஓர் உயிர் போகிறது. துணிவும் மனச்சான்றும் உள்ள படம். ஆயினும் கதையின் நடுவில் இருப்பவர்கள் விருந்தினரே. லயத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவனுடைய தாய் அன்றிரவு என்ன செய்தாள் என்ற துண்டு, இன்னும் எடுக்கப்படாத படத்துக்கு உரியது.

பெண்கள் படமெடுப்பது இத்தீவுக்குப் புதிதன்று. சுமித்ரா பீரிஸ் 1978இலேயே 'கெஹெனு லமய்' என்ற படத்தை இயக்கினார். ஆயின், கொழுந்து பறிக்கும் பெண்ணின் மகளொருத்தி கமராவுக்குப் பின்னால் நின்று, லயத்தின் கதை ஒன்று, கடைத்தெருவின் கதை ஒன்று, அயற் சிங்களக் கிராமத்தின் கதை ஒன்று எனக் கோத்து ஒரு படம் தரும் நாளை நான் எதிர்பார்க்கிறேன். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வோரோஷ்பித்தின் படத்தில் பெரும்பாலும் ஒரு பாதை, ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு பாழ்மனை, ஒரு வீட்டு முற்றம் ஆகியவையே உள்ளன. இவை எங்கள் ஊரிலும் உள்ளன.

பழைய புண்களைக் கீறுவதனால் யாருக்கு நன்மை என்று சிலர் கேட்பர். தேநீர்க் கடையில் என்னோடு பத்திரிகை வாசிப்போருள் சிங்கள நண்பரும் உளர். அவரே ஒருமுறை இதனைக் கேட்டார். புண் ஆறியிருந்தால் கீறுவது தவறு என்றேன். ஆறிவிட்டதா என்பதை எப்படி அறிவது என்றார் அவர். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

எனினும் இருட்டான படம் எல்லாம் நல்ல படம் என்று நான் வாதிக்கவில்லை. பிறர் துன்பத்தைக் காட்சிப் பொருளாக்கி விற்கும் படங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. படம் முடிந்த பின்பு, எதிரியின் மீது கோபம் மட்டும் மிஞ்சினால் அதனை ஐயுறுகிறேன். என் வீட்டுக் கதவின் நினைவு எழுந்தால் அதனை நம்புகிறேன். 1983இல் நாங்கள் வெளியே நின்றோம். நாளை வேறொருவர் வெளியே நின்று தட்டும்போது, பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று என்னால் உறுதி கூற இயலவில்லை.

1983க்குப் பின் நாங்கள் ஹாலிஎலவுக்குக் குடிபெயர்ந்தோம். விளக்கை அணைத்த அப்பெண்மணியை அம்மா வாரச் சந்தையில் எப்போதாவது காண்பதுண்டு. காணும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விடுவார். ஒருநாள் மட்டும், கூட்டத்தில் அம்மாவின் அருகே வந்து, ஒன்றும் பேசாமல், கூடைக்குள் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு நடந்தார். உள்ளே கித்துள் கருப்பட்டி இருந்தது. அம்மா அதனை வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்களுக்கு உடைத்துக் கொடுத்தார். தாமும் ஒரு துண்டை வாயில் இட்டுக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து அப்பெண்மணி காலமானார் என்று கேட்டபோது, வெள்ளைச் சேலை உடுத்து, பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் வந்தார்.

இப்போது அம்மாவும் இல்லை. கதவுக்கு வெளியே நின்றவர்களின் கதையை நான் ஒருவாறு சொல்லிவிட்டேன். உட்புறத்தில், விளக்கை அணைத்த பின், அந்த இருட்டில் அப்பெண்மணி எவ்வளவு நேரம் நின்றார், என்ன நினைத்தார் என்பதை அவரே சொல்லியிருக்க முடியும். அவர் இருந்தவரையில் நாங்கள் ஒருவரும் போய்க் கேட்கவில்லை.